கோடையின் கணக்கு: கள்ளக்குறிச்சியின் இரண்டு பள்ளிகள் குறித்துச் சில குறிப்புகள்

1

2022 ஜூலை 17ஆம் தேதி சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி எரிந்தது. நான்கு நாள் முன்பு, 13ஆம் தேதி, அந்த வளாகத்தின் விடுதியில் தங்கி +2 படித்த மாணவி இறந்துகிடந்தார். அந்தச் சாவு எப்படி நேர்ந்தது என்பதில் பெற்றோருக்கும் புலனாய்வுக்கும் ஒத்த கருத்து இல்லை. அதைத் தீர்த்துச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையுமல்ல.

பேருந்துகள் எரிந்ததைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. எனக்குள் தங்கிப்போனது வேறொரு காட்சி. பெஞ்சையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு சனங்கள் போனார்கள். மறுநாள் ஒரு தரப்பு 'வன்முறைக் கும்பல்' என்றது. இன்னொரு தரப்பு 'மக்கள் எழுச்சி' என்றது. நானும் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இப்போது யோசித்தால், எரிவதற்கு முந்தைய நாட்களில் இதுபோன்ற பள்ளிகளில் பிள்ளைகளின் ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருஷம் எப்படிக் கழிகிறது என்ற கேள்வி இந்த இரண்டு சொல்லாடல்களிலும் இல்லை. எங்கள் அறிக்கையிலும் இல்லை.

அந்த வருஷத்து நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து மீண்ட காலம். பொதுத்தேர்வுகள் மே மாதத்துக்குத் தள்ளிப்போயின. +1 பிள்ளைகள் கத்திரி வெயிலில் மே 31 வரை தேர்வு எழுதினார்கள். ஜூன் 20ஆம் தேதி +2 வகுப்பு தொடங்கும் என்று அரசு அறிவித்தது. இடையில் கிடைத்தது மூன்று வாரம். முந்தைய இரண்டு வருஷம் வீட்டில் செல்போன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த ஓய்வு அவ்வளவுதான். அந்த மூன்று வாரத்தையும் 'சிறப்பு வகுப்பு' என்ற பெயரில் எடுத்துக்கொண்ட பள்ளிகள் எத்தனை என்பதைத் தமிழ்நாட்டில் பிள்ளை படிக்கவைத்த யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மாணவர் நலம் பற்றிப் பேசவேண்டுமென்றால் கோடையிலிருந்து தொடங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோடை என்பது பள்ளி தன் கணக்கில் காட்டாத காலம். கணக்கில் வராத காலத்தில்தான் ஒரு நிறுவனம் தன் நிஜமான முகத்தோடு இருக்கிறது.

2

தேர்வும் வெயிலும் சேர்ந்தே வருவது ஏதோ இயற்கை நியதி மாதிரி நாம் பழகிவிட்டோம். கணிதமேதை ராமானுஜன் கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் எழுதியது 1903 டிசம்பரில். அன்று சென்னைப் பல்கலைக்கழகம் அந்தத் தேர்வை மார்கழிக் குளிரில் நடத்தியது. அதே ராமானுஜன் கல்லூரியில் தோற்று, உதவித்தொகை இழந்து, 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார் என்பதும் வரலாறுதான். தேர்வுக்கும் பிள்ளைகள் காணாமல்போவதற்குமான உறவுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. பிறகு தேர்வு மார்ச், ஏப்ரலுக்கு நகர்ந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் கோடையில் ஊட்டிக்குப் போனது, நீதிமன்றம் பூட்டப்பட்டது, பள்ளியும் அந்த வரிசையில் நின்றது. இந்த விடுமுறையை வகுத்தவர்கள் மனதில் புளியும் மிளகும் மரவள்ளியும் இருந்திருக்க முடியாது.

தொழிற்சாலைக் கடிகாரம் உழைப்பாளியின் காலத்தை எப்படி வெட்டித் துண்டாக்கியது என்று இ.பி.தாம்சன் 1967இல் எழுதினார். பள்ளியின் நேர அட்டவணை உடல்களைப் பழக்கும் கருவி என்று 1975இல் ஃபூக்கோ காட்டினார். இரண்டையும் நாம் படித்து, மேற்கோள் காட்டி, சண்டையும் போட்டாயிற்று. நம்முடைய அட்டவணையின் வரலாற்றைத்தான் எழுதவில்லை. சுருக்கமாகவாவது சொல்லிப் பார்க்கிறேன்.

1978இல் +2 வந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பிடியிலிருந்து மாநில அரசின் வாரியத்துக்கு வந்ததும் அதையொட்டிய வருஷங்களில்தான். 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது தடை என்று நாமெல்லாம் எதிர்த்தோம். அது எடுக்கப்பட்டு 2007 முதல் +2 மதிப்பெண் மட்டுமே வாசல் என்றானது. எதிர்த்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஒற்றை வாசலை மூலதனம் எப்படி வளைத்துக்கொண்டது என்பதை நாம் கவனிக்கவில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஏற்கெனவே வளர்ந்திருந்த உறைவிடப் பள்ளி முறை சேலம் சாலை வழியாகக் கள்ளக்குறிச்சிக்கும் வந்தது. 'பிராய்லர் பள்ளி' என்று சனங்கள் வைத்த பெயரைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்தக் கோட்பாட்டாளரும் எழுதவில்லை.

நானும் அந்தக் கூண்டுகள் ஒன்றில் இருந்தவன்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பத்தாவது நாள் அப்பா என்னை ஒரு பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சங்கராபுரம் பக்கம் இருந்த எங்கள் முக்கால் ஏக்கர் அந்த வருஷம்தான் அடகுக்குப் போனது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தை நாங்கள் பிரிக்கவே இல்லை. மே மாதமே +2 பாடம். தகரக் கூரைக்குக் கீழே இரவு பதினோரு மணிவரை 'ஸ்டடி'. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போன். அம்மா "சாப்டியாடா" என்பாள். பின்னால் வார்டன் நிற்பார். "ம்" என்பேன். அந்த 'ம்'முக்குள் இருந்ததை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடகுபோன நிலத்துக்கு என்ன அர்த்தம்?

+1 பாடத்தை விழுங்கும் இந்த வழக்கத்தை உடைப்பதற்காகத்தான் 2017–18இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. நோய்க்கு மருந்தாக இன்னொரு தேர்வு. 2025–26இல் அது கைவிடப்பட்டது. இடையில் எட்டு வருஷம், பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று பொதுத்தேர்வுகளை நம் பிள்ளைகள் கடந்தார்கள். நீட் அதன்மேல் நான்காவதாக உட்கார்ந்தது. 2017இல் அரியலூர் அனிதா செத்தது செப்டம்பர் 1ஆம் தேதி. பறிபோன அந்தக் கோடைக்குப் பின் வந்த சாவு அது.

3

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி ஏறினால் கல்வராயன்மலை. கரியாலூர், வெள்ளிமலை, இன்னாடு. இங்கே பள்ளியின் கோடை தலைகீழாக இருக்கிறது. சமவெளியில் பள்ளி பிள்ளையைக் கோடையிலும் விடுவதில்லை. மலையில் கோடை வந்தால் பள்ளி பிள்ளையைக் கைவிட்டுவிடுகிறது.

சமவெளியில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்ததாகச் சொல்லப்படும் கதை இங்கே முடிய 1976 ஆனது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை அது. நெருக்கடிநிலைக் காலத்தில், மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி இல்லாதபோது, அரசு மலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் தாத்தா ஜாகீருக்கு வரி கட்டியவராக இருக்கலாம். 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, இவர்கள் குடிமக்களாகவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைதான்.

மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் வருஷம் வேறு மாதிரி ஓடுகிறது. தை, மாசியில் மரவள்ளி பிடுங்கி ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகும். மாசியிலிருந்து சித்திரைவரை புளி. அதே நாட்களில் குடகிலும் கேரளத்திலும் காப்பிக்கும் மிளகுக்கும் ஆள் வேண்டும். அதாவது, பிள்ளை பொதுத்தேர்வு எழுதும்போது அப்பா அம்மா பெரும்பாலும் ஊரில் இல்லை. தேர்வு முடிந்ததும் உண்டு உறைவிடப் பள்ளி பூட்டப்படுகிறது. பெயரிலேயே 'உண்டு' இருக்கிறது, 'உறைவிடம்' இருக்கிறது. மே மாதத்தில் இரண்டும் இல்லை.

ஒரு மே மாதம் வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தேன். பூட்டிய பள்ளியின் திண்ணையில் ஒன்பதாவது முடித்த ஒரு பையன் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "லீவு எப்படிப் போவுது தம்பி" என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஸ்கூல் இருந்தா மூணு வேளையும் சோறு சார். லீவுன்னா ஆயாதான். ஆயாவால ஆக்க முடிஞ்சா ஆக்கும்" என்றான். கொஞ்சநேரம் கழித்து அவனே, "எங்கூடப் படிச்ச புள்ளைக்குக் கல்யாணம் சார், அடுத்த வாரம்" என்றான். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. ஆனால் வைகாசி முகூர்த்தம் பள்ளி பூட்டிக் கிடக்கிற நேரத்தில் வருகிறது. அந்தப் பெண்ணைக் காணோமே என்று கேட்க ஆசிரியர் யாரும் மலையில் இல்லாத நேரம்.

1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவு 1984இல் பத்தாம் வகுப்புவரை நீண்டது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்தில் இருந்த 1,545 தொடக்கப் பள்ளிகளில் 237 மலைப் பகுதிப் பள்ளிகள். இவை சாதாரணக் காரியங்கள் இல்லை. ஆனால் எல்லாமே 'பள்ளி வேலைநாள்' என்ற சொல்லுக்குள் அடைபட்டவை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி ஓர் ஆணை போட்டது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கவேண்டும் என்பது அது. வறட்சி என்றால் மழையளவு மட்டும்தானா? அப்பா அம்மா இல்லாத வீட்டின் அடுப்பும் வறட்சியில் சேருமா? இந்த ஆணையை விரித்துப் படிக்கும் வேலையை இங்கே யாரும் எடுத்துச் செய்யவில்லை. நாமும்தான்.

4

கனியாமூருக்குப் பிறகு 'மாணவர் மனநலம்' என்ற சொல் எங்கும் கேட்டது. 14417 என்ற உதவி எண் பள்ளிச் சுவர்களில் ஏறியது. 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்தார்கள். இவற்றைக் கிண்டல் செய்ய நான் தயாராக இல்லை. நான் இருந்த விடுதியில் ஒரு பெட்டி இருந்திருந்தால் ஏதாவது எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் என்ன நடக்கிறது என்றால், பிரச்சினை பிள்ளையின் மனசுக்குள் இருப்பதாகிவிடுகிறது. பதினோரு மணி 'ஸ்டடி', அடகு நிலம், பிரிக்கப்படாத புத்தகம், பூட்டிய சமையற்கூடம் எல்லாம் மனசு என்ற ஒரு சொல்லுக்குள் கரைந்துபோகின்றன. நிறுவனம் மாறவேண்டிய இடத்தில் பிள்ளை 'தாங்கும் சக்தி' பெறவேண்டும் என்கிறார்கள்.

பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததே 2014இல்தான். 2016 ஜனவரியில் இதே சின்னசேலம் பக்கம், பங்காரத்தில், இயற்கை மருத்துவக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் கிணற்றில் பிணமாக எடுக்கப்பட்டார்கள். கட்டணம் பற்றியும் வசதியின்மை பற்றியும் அந்தக் கல்லூரி மாணவர்கள் அதற்கு முன்பே போராடியிருந்தார்கள். எந்தப் பெட்டியும் இல்லாமலே அவர்கள் சத்தமாகச் சொன்னார்கள். கேட்கப்படவில்லை.

2024 ஜூன் 10ஆம் தேதி வெயிலால் தள்ளிப்போன பள்ளிகள் திறந்தன. பத்து நாள்கூட ஆகவில்லை, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 5,000 ரூபாயும் படிப்புச் செலவும் அரசு அறிவித்தது. பேச்சு உடனே மலைமேல் ஏறியது. கல்வராயன்மலை என்றால் சாராயம் என்று ஆயிற்று. மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு, மலையில் ஊறுவதில்லை என்பதை நிதானமாகச் சொன்னவர்கள் குறைவு. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலையின் சாலை, மருத்துவமனை, பள்ளி பற்றி வழக்கெடுத்தது. கீழே நகரத்தில் பிணம் விழுந்தால்தான் மேலே பள்ளி இருப்பது தெரிகிறது.

அந்த ஜூனில் மலைப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். கோடையின் பசியோடு வந்தவனுக்கு இப்போது 'சாராயக்கார ஊர்' என்ற பெயரும் சேர்ந்தது.

5

முடிவாகக் கோட்பாடு ஒன்றும் என்னிடம் இல்லை. நாம் கேட்கவேண்டியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். சமவெளியில் மே மாதம் விடுதிகள் பூட்டப்படவேண்டும். சிறப்பு வகுப்பு கூடாது என்று வருஷாவருஷம் வரும் சுற்றறிக்கை கதவைத் தட்டிப் பார்க்கும் ஆளோடு வரவேண்டும். மலையில் மே மாதம் விடுதிகள் திறந்திருக்கவேண்டும். விரும்பும் பிள்ளைக்குச் சோறும் படுக்கையும், பாடம் இல்லாமல். விடுமுறை எப்போது என்பதை அந்த ஊர்க் கிராமசபை சொல்லட்டும். ஒரே மாவட்டத்துக்கு எதிரெதிரான இரண்டு கோரிக்கைகளா என்று சிரிப்பார்கள். ஒரே நாட்காட்டியால் இரண்டு விதமாகக் காயம்பட்டவர்களுக்கு ஒரே மருந்து எப்படிச் சரிப்படும்?

பெஞ்சைத் தூக்கிப்போனவர்களுக்கே திரும்பி வருகிறேன். அவர்களில் எத்தனை பேர் பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது முடித்தவர்கள்? எத்தனை பேர் ஒரு கோடையில் வேலைக்குப் போய், ஜூனில் திரும்பாதவர்கள்? அன்று அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது இதை நான் கேட்டிருக்கவேண்டும். இனி ஒவ்வொரு ஜூனிலும் நம் ஊர்ப் பள்ளிக்குப் போய், ஏப்ரல் வருகைப் பதிவேட்டில் இருந்து ஜூன் பதிவேட்டில் இல்லாத பெயர்கள் எவை என்று கேட்போம். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்போம். அறிக்கை அதற்குப் பிறகு எழுதலாம்.