முழங்கால் ஜவ்வு தேய்மானம்: எம்.ஆர்.ஐ ஸ்கேன் யாருக்குத் தேவை? ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

மூட்டு வலின்னு போனால் முதலில் எக்ஸ்ரே, சிலருக்கு அடுத்து எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'ஏ.சி.எல். டீஜெனரேஷன்' என்று ஒரு வரி இருந்தால் போதும், "ஜவ்வு போச்சா, ஆபரேஷன்தானா?" என்ற பயம் வந்துவிடும். அந்த வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

எது ஜவ்வு?

நாம் 'ஜவ்வு' என்று சொல்வதில் இரண்டு அடங்கும். ஒன்று, எலும்புகளை இணைத்துப் பிடிக்கும் லிகமென்ட். முழங்காலில் முக்கியமானவை நான்கு: மூட்டுக்குள் குறுக்காகப் போகும் ஏ.சி.எல்., பி.சி.எல்., உள்பக்கம் எம்.சி.எல்., வெளிப்பக்கம் எல்.சி.எல். இன்னொன்று, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ். உங்களுக்கு எதில் பாதிப்பு என்பதை முதலில் கேளுங்கள்.

எக்ஸ்ரே போதாதா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரத்தில் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து தேய்மானத்துக்கு 0 முதல் 4 வரை கிரேடு போடுவார்கள். ஆனால் ஜவ்வு அதில் தெரியாது. காந்தப்புலத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ-யில்தான் ஜவ்வு, குருத்தெலும்பு, எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்வை எல்லாம் தெரியும்.

தேய்மானமா, கிழிசலா?

ஆரோக்கியமான லிகமென்ட் எம்.ஆர்.ஐ-யில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். தேய்ந்த ஏ.சி.எல். தடித்து, வெளிர் நிறமாக மாறும். ஆனாலும் இழைகள் அறுபடாமல் நீளமாக ஓடும். பார்க்க செலரி கீரைத் தண்டு மாதிரி இருக்கும் என்பார்கள் ஸ்கேன் டாக்டர்கள். முழுசாகக் கிழிந்திருந்தால் இழைகளின் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கும்.

படத்தில் இரண்டும் சில நேரம் ஒரே மாதிரி தோன்றலாம். அதனால்தான் டாக்டர் காலை மடக்கி, முன்னால் இழுத்துப் பார்க்கிறார். வெறும் தேய்மானம் என்றால் பொதுவாக மூட்டு ஆட்டம் காணாது.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு, நடந்தால் வலி, காலையில் இறுக்கம் இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடுகிறது என்றால், ஸ்கேன் இல்லாமலேயே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல்.

இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்த ஆய்வு 2008-ல் வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. ஆக, ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

எப்போது அவசியம்?

* மூட்டு திடீரென மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால்
* நடக்கும்போது கால் மடங்கி விழப் போவது போல இருந்தால்
* அடிபட்ட பிறகு வலி, வீக்கம் குறையாவிட்டால்
* எக்ஸ்ரேக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாவிட்டால்
* மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் ஆபரேஷனுக்கு முன், ஏ.சி.எல். நிலை பற்றி டாக்டருக்கு சந்தேகம் இருந்தால்

ஸ்கேனுக்கு முன்

பேஸ்மேக்கர், காதில் காக்ளியர் கருவி, மூளையில் கிளிப் போன்றவை இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொதுவாக அரை மணி நேரமாவது அசையாமல் படுத்திருக்க வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த ஸ்கேன் ரிசல்ட்டால் என் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அவசரமில்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும், அதிக எடை இருந்தால் அதைக் குறைப்பதும்தான் ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் சிகிச்சை.

(இது பொதுவான தகவல் மட்டுமே. சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்.)