நீலமலைச் சுவடுகள்: ஆக்ராவின் மாதாவும் தோதவர் மலையும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் எனப்படும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில், இத்தாலிய ஓவியர்கள் அன்னை மரியாளையும் குழந்தை இயேசுவையும் பொன் பின்னணியில் அசைவின்றி அமர்ந்த உருக்களாக அல்லாமல், தசையும் உயிர்ப்பும் கொண்ட தாயும் சேயுமாகத் தீட்டத் தொடங்கினர். ஒளியையும் நிழலையும் படிப்படியாகக் குழைத்து கன்னத்தின் திரட்சியையும் துணியின் மடிப்பையும் காட்டும் முறை அவர்களுடைய பெருஞ்சாதனையாகும். ராஃபேல் 1512 அளவில் தீட்டிய சிஸ்டைன் மடோனா அதன் உச்சங்களுள் ஒன்று.

இவ்வகைப் படங்களையும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பிரதிகளையும் இந்தியாவுக்குக் கொணர்ந்தோரில் முதன்மையானவர்கள் கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையினர். 1580இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த ருடால்ஃப் அக்வாவிவா குழுவினர், ரோமின் புனித மரியா பேராலயத்து மாதா படத்தின் நகலை முகலாயப் பேரரசர் அக்பருக்குக் காட்டினர். 1602இல் ஆக்ராவில் மற்றொரு மாதா படம் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரண்டு வந்தனர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயமே மரியம் பெயரைத் தாங்கியிருப்பதால் இஸ்லாமியருக்கும் அத்தாய் அந்நியமானவள் அல்லள். அரண்மனை ஓவியக்கூடத்துக் கலைஞர்களோ அந்த ஒளி நிழல் நுட்பத்தைத் தம் கோட்டுடன் இணைத்துக்கொண்டனர். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் 1511ஆம் ஆண்டு அச்சுப்படத்திலிருந்த புனித யோவானின் உருவை, அபுல் ஹசன் என்னும் 13 வயதுச் சிறுவன் 1600இல் வரைந்த சித்திரம் அதற்குச் சான்று.

ஆக்ராவில் மாதா படம் பார்வைக்கு வைக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டான 1603இல், அதே இயேசு சபையைச் சேர்ந்த ஜாகோமோ ஃபெனிசியோ என்னும் இத்தாலியர், மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் வாழ்வதாகக் கேள்வியுற்று, கள்ளிக்கோட்டையிலிருந்து மன்னார்க்காடு வழியாக நீலகிரிக்கு ஏறினார். தேடிய கிறிஸ்தவர் எவரையும் காணாத அவர், மலைவாழ் மக்களான படகரையும் தோதவரையும் கண்டு, நீண்ட தாடியும் தோளில் புரளும் முடியும் கொண்ட தோதப் பூசாரியின் தோற்றத்தை எழுதிவைத்தார். நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதி இன்று கிடைக்கும் முதல் பதிவு அதுவே.

ஆக்ராவில் வேர்விட்ட மாதா ஓவிய மரபு மந்துகள் எனப்படும் தோதவர் குடியிருப்புகளில் வேர்விடாததற்குக் காரணம், கலையுணர்வில் இருந்த குறைவன்று. தோதவரின் புனிதம் உருவத்தில் அன்று, எருமையிலும் பாலிலும் பால்மடக் கோயிலிலும் உறைகிறது. அவர்களுடைய அழகுணர்ச்சி வெண்துணியில் கருப்பும் சிவப்புமாக நூலெண்ணித் தைக்கும் பூத்தையலில் வெளிப்படுகிறது. ஆகவே ஓர் ஓவியத்தின் வரலாற்றை எழுதுவோர், தீட்டிய கையை ஆராய்வதோடு நில்லாமல், அதை எதிர்கொண்ட சமூகம் எதைப் புனிதமெனக் கருதியது என்பதையும் ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயாத வரலாறு, ஏற்றவரை நாகரிகர் என்றும் ஏற்காதவரைப் பின்தங்கியவர் என்றும் பிரித்து, மலைமக்களுக்கு அநீதி இழைத்துவிடும்.

(அடுத்த இதழில்: ஊட்டி தூய ஸ்டீபன் தேவாலயம்)