கங்காணியும் கணனியும்

உளவு பார்ப்பதற்கும் வேலையை மேற்பார்ப்பதற்கும் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் தமிழில் பயன்படுத்துகிறோம். அதே வேரிலிருந்து வந்தவன்தான் கங்காணி. வயலிலும் தோட்டத்திலும் அவன் பார்த்த வேலை இன்று செயற்கை நுண்ணறிவின் கைக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக ஒதுக்கிவிட எம்மால் முடியாது. தோட்ட மேற்பார்வை என்ற நிறுவனத்தின் வரலாற்றில் பெரும்பகுதி தமிழர் முதுகில் எழுதப்பட்டது.

இலங்கையின் கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துராவில் தொடங்கிய தேயிலைக் காலத்திலும் பெரிய கங்காணி மேற்பார்வையாளன் மட்டுமல்ல. ஆள் பிடித்தவன் அவன், முற்பணம் கொடுத்தவன் அவன், கடன் கணக்கை வைத்திருந்தவனும் அவனே. ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்ட கடன் தீர்க்கப்படும்வரை அவனது ஆட்கள் தோட்டம் மாற இயலாது. பிரட்டுக்களத்தில் வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குச் சில சதம் கிடைத்தது. காய்ச்சலில் கிடந்தவரையும் லயத்திலிருந்து அவன் இழுத்து வந்ததற்கு, அவனுடைய குணத்தைவிட அந்தச் சதக் கணக்கே பெரிய காரணம். அதற்கு மேல் சாதியும் இருந்தது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஆதிக்க சாதியினர். கூலிகளில் மிகப்பலர் தலித்துகள்.

இந்த அதிகாரம் எப்படித் தளர்ந்தது? துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். கங்காணியின் இடத்தைப் பிடித்தது எந்த இயந்திரமும் அல்ல, தொழிற்சங்கம். துரையிடம் பேசும் உரிமை ஒரு தனிமனிதனிடமிருந்து ஓர் அமைப்புக்குக் கைமாறியது. ‘கங்காணி’ என்ற பெயர் தோட்டங்களில் இன்றும் உண்டு. ஆனால் அவர் கூலிக்கு வேலை செய்யும் சாதாரண மேற்பார்வையாளர்.

இப்போது பிரித்தானியப் பழத்தோட்டங்களைப் பார்ப்போம். 2019இல் 2,500 பேருடன் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பருவகால விசாவில் பல நாட்டவர் அங்கே ஸ்ட்ரோபெரி பறிக்கின்றனர். இந்தோனேசியர் சிலர் பெருங்கடன்பட்டு வந்ததாக 2022இல் பத்திரிகைகள் எழுதின. துண்டு போயிற்று, கடன் போகவில்லை. பறித்த தட்டு ஒவ்வொன்றும் பறித்தவரின் பெயரில் கருவியில் பதிவாகிறது. மணிக்கு எவ்வளவு பறித்தார் என்பது உடனே தெரிகிறது. செடிகளைப் படம்பிடித்து, எந்த நாளில் எவ்வளவு பழுக்கும், எத்தனை ஆள் தேவை என்று கணிக்கும் மென்பொருட்களும் வந்துவிட்டன. முன்பு மேற்பார்வையாளர் கண்ணாலும் அனுபவத்தாலும் செய்த தீர்மானங்கள் இவை. தீர்மானம் அவர் கையை விட்டுப் போகிறது. அதனைத் தொழிலாளியிடம் சொல்லும் சங்கடம் மட்டும் அவரிடம் மிஞ்சுகிறது. அவருடைய குழுவின் வேகமும் அதே கணக்கில் ஏறுவதால், அவரும் கண்காணிக்கப்படுபவரே.

கணனிக்குச் சாதி இல்லை, வேண்டியவருக்கு நல்ல நிரையும் வேண்டாதவருக்கு மோசமான நிரையும் கொடுக்க அதற்குத் தெரியாது என நண்பர்கள் சிலர் வாதிடுகின்றனர். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கங்காணியின் கையால் அரைப்பேர் விழுந்து பாதிநாட் கூலி இழந்த பெண்ணிடம், அவனுக்கு முகமாவது இருந்ததே என்று சொல்வது கொடுமை. ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்ற அளவை நிர்ணயிப்பது யார்? அண்மையில் கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து குறையும். செங்குத்துச் சரிவில் கை தாமதிக்கும். அந்த விபரங்களைக் கொடுக்காவிட்டால், மோசமான நிரையில் நின்றவர் மோசமான தொழிலாளியாகவே கணக்கில் ஏறுவார். பழைய பாரபட்சம் நிறைந்த பதிவேடுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணனி, அந்தப் பாரபட்சத்தையே எண்ணாக்கித் திருப்பித் தரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையைப் பங்கிடவும் தொழிலாளரை மதிப்பிடவும் பயன்படும் மென்பொருட்களை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. நல்லதே. ஆயினும் 1921இன் சட்டம் மட்டும் கங்காணியின் பிடியைத் தளர்த்திவிடவில்லை. தொழிலாளர் ஒன்றுசேர இன்னும் பத்தாண்டுகள் சென்றன. அன்று சங்கம் கேட்டது செக்றோல் கணக்கை. இன்று கேட்க வேண்டியது, அளவு எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்ற கணக்கை. தொழிலாளியோடு சேர்ந்து மேற்பார்வையாளரும் அதைக் கேட்பாரா, அல்லது கருவி சொன்னதை ஒப்புவித்துத் தன் வேலையைக் காப்பாற்றிக் கொள்வாரா?

கங்காணி எப்போதும் துரையின் பக்கமே நின்றான் என்று எழுதி முடித்த எமது வரலாற்றாசிரியர்கள் இந்தக் கேள்வியை விவாதிக்க வேண்டும்.