ஒன்றே முக்கால் பவுனுக்கு ஓர் அவுன்ஸ் நீலம்



வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஒப்பந்தம் போடும்போது எந்தக் கம்பெனி, எந்த ரகம், எத்தனை கோட் என்று எழுதி வாங்குகிறோம் அல்லவா? மட்டமான சரக்கை அடித்துவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் காரணம். இந்தப் பயம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் இருந்திருக்கிறது.

1485ஆம் ஆண்டு, ஃப்ளோரன்ஸ் நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்துவந்த இன்னொசென்டி இல்லம், தன் தேவாலயத்துக்கு ஒரு படம் வரையக் கிர்லாந்தாயோ என்ற ஓவியருடன் ஒப்பந்தம் செய்தது. மொத்தக் கூலி 115 ஃப்ளோரின். வண்ணங்களை ஓவியரே தன் செலவில் வாங்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: நீலம் மட்டும் அவுன்ஸ் ஒன்றுக்கு நான்கு ஃப்ளோரின் மதிப்புள்ள அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும்.

வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இதைக் கண்டால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு ஃப்ளோரின் நாணயத்தில் சுமார் மூன்றரை கிராம் தங்கம். நான்கு நாணயத்துக்குப் பதினான்கு கிராம். நம் கணக்கில் ஒன்றே முக்கால் பவுன். அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28 கிராம். ஆக, இரண்டு கிராம் நீலப் பொடிக்கு ஒரு கிராம் தங்கம்! 1408இல் ஸ்டார்னினா என்ற ஓவியரின் ஒப்பந்தம் இன்னும் கறாரானது. மரியன்னையின் உருவத்துக்கு இரண்டு ஃப்ளோரின் நீலம். மற்ற இடங்களுக்கு ஒரு ஃப்ளோரின் நீலம் போதும்.

ஏன் இவ்வளவு விலை? அந்த நீலம் லேபிஸ் லசுலி என்ற கல்லிலிருந்து வந்தது. அன்றைய ஐரோப்பாவுக்கு அது கிடைத்த இடம் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைப்பகுதி. அங்குள்ள சார்-இ-சாங் சுரங்கங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெட்டப்பட்டு வருகின்றன. எகிப்து மன்னன் துட்டன்காமனின் தங்க முகமூடியில் கண்ணைச் சுற்றிப் பதித்திருப்பதும் இந்தக் கல்தான். நம் அஜந்தா ஓவியங்களிலும் இந்த நீலம் உண்டு. ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டி வந்ததால் ‘கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்ற பொருளில் அல்ட்ராமரைன் என்று பெயர் வைத்தார்கள்.

தூரம் பாதிக் காரணம். மீதிக் காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. லேபிஸ் ஒரே பொருளால் ஆனதன்று. நீலம் தருவது லாசுரைட் என்ற கனிமம். அதோடு வெள்ளைக் கால்சைட்டும், பொன்போல மினுக்கும் பைரைட்டும் கலந்திருக்கும். அப்படியே இடித்துப் பொடித்தால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். எனவே பொடியைப் பிசினும் மெழுகும் சேர்த்து மாவுபோல் பிசைந்து, சில நாள் ஊறவிடுவார்கள். பிறகு சாம்பல் காரநீரில் போட்டுக் கசக்குவார்கள். நீலத் துகள்கள் பிரிந்து அடியில் தங்கும். மற்றவை பிசினோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் இறங்குவது உயர்ந்த ரகம். தேங்காய்ப்பால் எடுப்பதுபோலத்தான், இரண்டாம், மூன்றாம் முறை எடுப்பது வெளிறிக்கொண்டே போகும். ஒரு ஃப்ளோரின், இரண்டு ஃப்ளோரின், நான்கு ஃப்ளோரின் என்று தரம் பிரிந்தது இதனால்தான்.

இதற்குப் போட்டியாக அசுரைட் என்ற மலிவான செம்புக் கனிம நீலமும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஏமாற்றும். சூடுபடுத்திப் பார்த்தால் அசுரைட் கறுத்துவிடும். அல்ட்ராமரைன் நீலமாகவே நிற்கும். ஆனால் அமிலம் பட்டால் அல்ட்ராமரைனுக்கும் நிறம் போய்விடும். அதன் நீலத்துக்குக் காரணம் உள்ளே அடைபட்டிருக்கும் கந்தகம். அமிலம் அந்தக் கட்டமைப்பைக் குலைக்கும்போது அழுகிய முட்டை வாடையும் வரும்.

படம் வாங்கியவர் பெயர், வரைந்தவர் பெயர், நீலத்தின் விலை எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் ஏறாத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற ஊரில் பெண் துறவியர் மடம் ஒன்று இருந்தது. அதன் இடுகாட்டில் கிடைத்த ஒரு பெண்ணின் பற்காறையை ஆராய்ந்தவர்கள், அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்களைக் கண்டார்கள். சோதித்தால் லேபிஸ் லசுலி! 2019இல் இந்த ஆய்வு வெளியானது. அவர் வாழ்ந்தது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். இறக்கும்போது வயது 45க்கும் 60க்கும் இடையில். தூரிகையின் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கிக்கூராக்கிச் சுவடிகளில் படம் எழுதியிருக்கிறார் என்பதுதான் ஆய்வாளர்கள் பொருத்தமாகக் கருதும் விளக்கம். அவ்வளவு விலையுயர்ந்த பொருளைத் திறமைசாலியல்லாத ஒருவர் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். சுவடிகளை எழுதியவர்கள் எல்லாம் ஆண் துறவிகளே என்று பலரும் எண்ணியிருந்ததை, பெயர் தெரியாத இந்த அம்மாளின் பல் மாற்றிவிட்டது.

பிறகு விலை எப்படி இறங்கியது? 1824இல் பிரான்சில் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் ஒன்று, கிலோ 300 ஃபிராங்குக்கு மிகாமல் செயற்கை அல்ட்ராமரைன் செய்பவருக்கு 6,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தது. கிமே என்பவர் 1828இல் அதை வென்றார். மூலப்பொருள் என்ன தெரியுமா? வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. இவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டால் அதே நீலம் வந்துவிட்டது.

அந்தச் செயற்கை நீலம்தான் பிற்காலத்தில் நம் வீடுகளுக்கு வந்தது. வெள்ளை வேட்டிக்கு அலசும் தண்ணீரில் நம் அம்மாக்கள் கரைத்த நீலப் பொடி நினைவிருக்கிறதா? மஞ்சளேறிய துணியில் சிறிது நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பிலும் அதைக் கலப்பார்கள். சுண்ணாம்பு காரம் என்பதால் நிறம் கெடாது.

கிர்லாந்தாயோவின் படம் 1488இல் முடிந்தது; இன்றும் அதே இன்னொசென்டி கட்டடத்தில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், தொங்குகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் குடியிருப்புப் பெற்றோர் யாராவது அந்தப் பக்கம் போனால், நடுவில் அமர்ந்திருக்கும் மரியன்னையின் மேலாடையைச் சற்று நின்று பாருங்கள். விலை பேசி வாங்கிய அந்த நீலம் இன்னும் மங்கவில்லை. டால்ஹைம் அம்மாளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.