தலையிடி: வாவிக்கரையில் அதன் காரணங்களும் தூண்டிகளும்

காய்ச்சலோ காயமோ பின்னணியில் இல்லாமல் தானாக வரும் தலையிடிகளில் இரண்டு வகை எங்கும் மிகுதி. இறுக்கத் தலையிடி தலையின் இரு பக்கமும் துணியால் இறுக்கிக் கட்டியதுபோல் அழுத்தும். அதைச் சுமந்தபடி அன்றாட வேலையைப் பார்த்துவிடலாம். ஒற்றைத் தலையிடி அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடிக்கும், மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம்வரை நீளும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, ஆளைப் பாயில் கிடத்திவிடும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் தலையிடிக்குப் பழி சுமப்பது வெயிலும் கச்சான் காற்றும். தென்மேல் பருவக்காற்று மலையகத்தின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கடற்காற்றையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு அது கச்சானாக மட்டக்களப்புக் கரைவரை வரும் நாட்களில் வெப்பம் 38 பாகை செல்சியசை நெருங்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சிறுபோக வெள்ளாமை வயலில் நிற்கும் காலமும் அதுவே. வியர்வையில் நீர் வற்றுவது, கண்கூசும் வெளிச்சம், நேரம் தப்பிய சாப்பாடு, புழுக்கத்தில் கெட்ட தூக்கம் எல்லாம் ஒரே நாளில் கூடிவிடுகின்றன. தனித்தனியே பார்த்தாலும் இவை ஒவ்வொன்றும் ஒற்றைத் தலையிடியைத் தூண்ட வல்லவை.

கனடாவின் கல்கரியில் வீசும் சினூக்கும் மலையிலிருந்து இறங்கும் இதே இனக் காற்று. அங்கே ஒற்றைத் தலையிடிக்காரர் 75 பேரின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 32 பேருக்கு அந்தக் காற்றுக் காலத்தில் தலையிடி வரும் வாய்ப்புக் கூடியிருந்தது. சிலருக்குக் காற்று எழுவதற்கு முந்திய நாளிலேயே வந்தது. ஆகவே காற்றுக்கும் தலையிடிக்கும் தொடர்பு உண்டு என்ற ஊர்ப் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. எல்லோருக்கும் அது பொருந்தும் என்பதும் தவறு.

காரணத்தைத் தேடிய வரலாறு நீண்டது. யாழ்ப்பாண அரசின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பரராசசேகரம் என்ற மருத்துவ நூல் தலைநோய்களைத் தனியே வகுத்துச் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அதை அச்சேற்றினார். வாதம், பித்தம், கபம் நிலைகுலைவதே நோயென்று கொண்ட பரியாரிமார் வெயில் தலையிடியைப் பித்தத்தோடு சேர்த்தனர். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் குருதிக்குழாய் விரிவைக் காரணமாகக் காட்டினார். 1938இல் கிரகாமும் வுல்ஃபும் எர்கொட்டமின் என்ற மருந்து நெற்றிப்பொட்டுக் குழாயின் துடிப்பைக் குறைக்கும்போது நோவும் தணிவதைக் கண்டனர். 1944இல் பிரேசிலியரான லியோ, மூளைப் புறணியில் மெல்லப் பரவும் ஒரு மின் அடக்க அலையை விவரித்தார். தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல்போல் தோன்றி நகரும் கோடுகளுக்கு அதுவே இன்றைய விளக்கம். 1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் தலையிடியின்போது சிஜிஆர்பி என்ற பெப்டைடு குருதியில் கூடுவதைக் காட்டினர். அதைத் தடுக்கும் முதல் தடுப்பு மருந்து 2018இல் வந்தது. மரபுவழியாக எளிதில் கிளர்ந்தெழும் நரம்பு மண்டலமே காரணம், குழாய் விரிவு அதன் பின்விளைவு என்பதே இப்போதுள்ள கருத்து.

இங்கேதான் காரணத்தையும் தூண்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலையிடி நோவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கொட்டாவி, களைப்பு, வெளிச்சக் கூச்சம் எனத் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்கியவருக்கு வழக்கமான வெயிலே கூசும். பின்னர் தலை இடித்ததும் வெயிலைக் குற்றம் சொல்வார்.

சில தூண்டிகள் நம் வாழ்க்கைமுறைக்கே உரியவை. தலைக்குக் குளிப்பது தலையிடியைத் தூண்டிய 94 இந்தியரைப் பற்றி மும்பை மருத்துவர் ரவிசங்கர் 2006இல் எழுதினார். முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ரமழான் நோன்பின் முதல் நாட்களில் வரும் தலையிடிக்குப் பசியோடு தேத்தண்ணீர் நின்றுபோவதும் பங்களிக்கிறது. வழக்கமான கஃபீன் நின்றால் தலை இடிக்கும். நோன்புக்கு முந்திய வாரங்களிலேயே அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டால் இது தணியும்.

பீனிசம் என்று பல ஆண்டு வேது பிடிப்பவர்களில் பலருக்கு இருப்பது உண்மையில் ஒற்றைத் தலையிடி. தமக்குச் சைனஸ் தலையிடி என்று நம்பிய 2,991 அமெரிக்கரில் 88 சதவீதத்தினர் ஒற்றைத் தலையிடி வகைக்குள் அடங்கினர் என 2004இல் வெளியான ஆய்வு கண்டது. மூக்கடைப்பும் கண்ணீரும் அதிலும் வரும்.

பனடோல் என்ற பரசிட்டமோல் மாத்திரைதான் எனக்குப் பெருங்கவலை. பெட்டிக்கடையிலும் கிடைப்பதால் அதைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கும் கூடுதலாக விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே தலையிடியை நிலைக்கச் செய்யும். கச்சான் ஓய்ந்த பின்னும் தலையிடி ஓயாதவர்கள் தம் மாத்திரைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலோடு வரும் தலையிடியின் கதை வேறு. கண்ணுக்குப் பின்னால் நோவெடுத்தால் டெங்குவை நினைக்க வேண்டும். அப்போது ஆஸ்பிரின், இபுபுரோஃபன் குருதிக்கசிவைக் கூட்டும் என்பதால் ஆகாது. வெள்ளம் நின்ற வயலில் இறங்கியவருக்குக் கெண்டைக்கால் உளைச்சலும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.