முந்திரிக்கொத்து

முந்திரிக்கொத்து என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், சிறப்பாக நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளில், வீடுகளில் செய்யப்படும் ஓர் இனிப்புப் பலகாரம் ஆகும். வறுத்துப் பொடித்த சிறுபயற்றுடன் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருண்டைகள் பிடித்து, அவற்றை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்து இது செய்யப்படுகின்றது. இந்துக்கள் தீபாவளிக்கும் கிறித்தவர்கள் கிறிஸ்துமசுக்கும் இதனைச் செய்வர். திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கும் செய்வதுண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் கேரளத்தின் தென்பகுதியிலும் இப்பலகாரம் அறியப்பட்டதாகும்.

பெயர்

பெயரில் முந்திரி இருப்பினும் இதில் முந்திரிப்பருப்பு சேர்ப்பதில்லை. முந்திரி, முந்திரிகை ஆகிய சொற்கள் தமிழில் திராட்சையையும் குறிக்கும். மலையாளத்தில் இன்றும் திராட்சைக்கு முந்திரி என்றே பெயர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணையும் வரை, முதலில் திருவிதாங்கூர் அரசிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தது. எனவே இப்பகுதித் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் பல உள்ளன. இரண்டு, மூன்று உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் தோற்றம் திராட்சைக் கொத்தை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம்.

முந்திரிப்பருப்பைத் தரும் மரம் பிரேசில் நாட்டைச் சேர்ந்தது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் பல உள்ளதால், பிற ஊரார் இப்பலகாரத்தை முந்திரிப்பருப்பில் செய்தது எனக் கருதுவதுண்டு.

தேவையான பொருட்கள்

ஏறத்தாழ 40 உருண்டைகளுக்கான அளவு:

சிறுபயறு – 500 கிராம்
வெல்லம் அல்லது கருப்பட்டி – 400 கிராம்
தேங்காய்த் துருவல் – அரை மூடியளவு
எள் – 50 கிராம்
ஏலக்காய், சுக்கு – சிறிதளவு
பச்சரிசி மாவு – 250 கிராம்
மஞ்சள்தூள், உப்பு – ஒரு சிட்டிகை
பொரிக்கத் தேங்காய் எண்ணெய்

செய்முறை

சிறுபயற்றை மிதமான தீயில், மணம் வந்து நிறம் சிவக்கும் வரை வறுக்க வேண்டும். ஆறியபின் உடைத்து, தோலைப் புடைத்து நீக்கி, சற்றுக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் வற்றிப் பொன்னிறம் ஆகும் வரையிலும், எள்ளைப் பொரியும் வரையிலும் தனித்தனியே வறுத்து, ஏலக்காய், சுக்குப் பொடிகளோடு பயற்றுமாவில் கலக்க வேண்டும்.

வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் கொதிக்க வைக்க வேண்டும். விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி போல் நீளும் பதத்தில் இறக்கி, மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே சிறு எலுமிச்சை அளவில் உருண்டை பிடிக்க வேண்டும். மாவு ஆறிவிட்டால் உருண்டை பிடிக்க வராது, உதிர்ந்துவிடும். ஆகையால் பெரிய அளவில் செய்யும்போது பலர் சேர்ந்து அமர்ந்து உருட்டுவது வழக்கம். உருண்டைகள் இறுகுவதற்குச் சில மணி நேரம் அல்லது ஓர் இரவு அப்படியே வைக்கப்படும்.

அரிசிமாவுடன் உப்பு, மஞ்சள்தூள் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைக்க வேண்டும். மும்மூன்று உருண்டைகளைச் சேர்த்துத் தோய்த்து, ஒன்றையொன்று தொட்டிருக்குமாறு சூடான எண்ணெயில் இட்டால், மேல்மாவு வேகும்போது அவை கொத்தாக ஒட்டிக்கொள்ளும். உள்ளிருப்பவை முன்னரே வறுபட்டவை என்பதால் மேல்மாவு வெந்து மொறுமொறுப்பானதும் எடுத்துவிடலாம். மஞ்சள்தூள் இதற்குப் பொன்னிறத்தைத் தருகின்றது.

கவனிக்க வேண்டியவை

பாகு முற்றினால் உருண்டை கல்லைப் போல் கடினமாகும். பாகு இளகியிருந்தால் உருண்டை எண்ணெயில் கரையும். கரைசல் நீர்த்திருந்தால் மேல்மாவு விரிசல் விட்டு, உள்ளிருக்கும் வெல்லம் கசிந்து கருகி, எண்ணெய் முழுவதையும் கறுக்கச் செய்யும். எண்ணெய் போதிய அளவு காயாமல் இருந்தால் மேல்மாவு எண்ணெயைக் குடிக்கும். எனவே முதலில் ஒரு கொத்தை மட்டும் இட்டுப் பார்ப்பது நல்லது.

கெடாதிருக்கும் தன்மை

கடலைப்பருப்பை வேகவைத்துப் பூரணமாக்கிச் செய்யப்படும் சுசியமும் மாவில் தோய்த்துப் பொரிக்கப்படுவதே. ஆயினும் அதன் பூரணத்தில் ஈரம் மிகுதியாக இருப்பதால் ஓரிரு நாட்களில் கெட்டுவிடும். முந்திரிக்கொத்தில் பயறு, தேங்காய், எள் ஆகிய யாவும் வறுத்து ஈரம் நீக்கப்பட்டவை. பாகும் நீர் வற்றக் காய்ச்சப்பட்டது. ஆகவே காற்றுப் புகாத பாத்திரத்தில் இட்டு வைத்தால் சில வாரங்கள் வரை இருக்கும். தேங்காய் சரியாக வறுபடாவிட்டால் விரைவில் சிக்கு வாடை வரும். உருண்டை உதிர்கின்றதே என்று உள்மாவில் நீர் தெளித்தாலும் இத்தன்மை குறைந்துவிடும். பண்டிகைக்குப் பல நாட்கள் முன்னரே செய்து வைக்கவும், வெளியூரில் வாழும் உறவினருக்குக் கொடுத்தனுப்பவும் இது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒத்த பலகாரங்கள்

இலங்கையில் யாழ்ப்பாணத் தமிழர் செய்யும் பயற்றம் பணியாரம் செய்முறையில் இதனைப் பெரிதும் ஒத்தது. சிங்களவரின் முங் கெவும் என்னும் பலகாரமும் பயற்றுமாவை இனிப்புப் பாணியில் பிசைந்து, பெரும்பாலும் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கப்படுவது ஆகும்.

இன்றைய நிலை

வறுத்தல், பொடித்தல், பாகு காய்ச்சல், உருட்டல், பொரித்தல் என வேலை மிகுந்தது என்பதால், சிறு குடும்பங்களில் பலர் இதனைக் கடைகளில் வாங்குகின்றனர். நாகர்கோவில் முதலிய ஊர்களின் பலகாரக் கடைகளில் பண்டிகை இல்லாத நாட்களிலும் இது விற்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

சுசியம்
அதிரசம்
பயற்றம் பணியாரம்
நாஞ்சில் நாடு