180-க்கு மேலே கொஞ்சம்!

மோகனூர் காவிரிக் கரையில் நின்று பாருங்கள். எதிர்க்கரையில் வாங்கல். இன்றைக்குப் பாலம் இருக்கிறது, போய்விடலாம். பாலமும் வேண்டாம், பரிசலும் வேண்டாம்... நின்ற இடத்திலிருந்தே ஆற்றின் அகலத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். இக்கரையோரமாக அரை கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோடு அளந்துகொள்ளுங்கள். கோட்டின் இரு முனைகளிலும் நின்று, அக்கரைத் தென்னை ஒன்றைக் குறிபார்த்து, கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், இரண்டு உட்கோணங்கள். அவ்வளவுதான், முக்கோணம் முழுசாக மாட்டிக்கொண்டது! ஆனால், சோம்பல்பட்டு நூறடிக் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். தென்னையில் விழும் கோணம் ஊசி மாதிரி ஆகிவிடும். அப்புறம் பார்வை இம்மி பிசகினாலும் காவிரி எக்கச்சக்கமாக அகன்றுவிடும். மூன்று கோணமும் 60-ஐ ஒட்டி இருந்தால்தான் சர்வேயருக்கு நிம்மதி.

இந்த வித்தையை வைத்துக்கொண்டு இந்தியாவையே அளக்கக் கிளம்பியவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-ம் தேதி, சென்னை பரங்கிமலை பக்கத்தில் ஆரம்பித்தார். நூறடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கவே 57 நாள்! அதன்பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. குன்றுக்குக் குன்று, கோணத்துக்குக் கோணம். குமரி முனையிலிருந்து வடக்கே போன முக்கோண வரிசை 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியது. அந்த ரேகை மோகனூருக்கு மேற்கே, பரமத்தி வேலூர் பக்கமாகத்தான் போகிறது. சேலத்துச் சீமை 1792-ல்தான் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்திருந்தது. கம்பெனிக்கு வரைபடம் வேண்டும், வரி வேண்டும். லாம்டனுக்கோ பூமியின் உருவமே வேண்டும்!

கோணம் பார்க்க அரை டன் எடையில் ஒரு தியோடலைட். லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கருவி. தஞ்சாவூர்ப் பக்கம் மலை ஏது? 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவர் ராஜினாமா எழுதியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, சுமார் ஆறு வாரத்தில் வளைந்த வட்டத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்திவிட்டார். காட்டுக் காய்ச்சலில் போன உயிர்களை மட்டும் அப்படி மீட்க முடியவில்லை. அவர்களில் பல பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

சரி, இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதை 180-லிருந்து கழித்துக்கொள்ளலாமே? மாட்டார்கள். மூன்றையும் அளந்தார்கள். கூட்டினால் 180-க்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும்! காரணம், பள்ளிக்கூட முக்கோணம் தட்டையான தாளில் இருக்கிறது, இது உருண்டையின் மேல் கிடக்கிறது. சுமார் 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை மிகும். பக்கத்துக்கு 30 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தில் இரண்டு விகலை. பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? 30 கிலோமீட்டர் தள்ளி அது ஓரடி விலகல். இப்படியே முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போனால்? அந்த மிகையை மூன்று பங்காக்கி ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டு, தட்டை முக்கோணமாகவே கணக்குப் போடலாம் என்று வழி சொன்னவர் லெழாந்தர். அவரும் பிரெஞ்சுக்காரர்தான்!

நம் வயலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏக்கர் கணக்கில் பூமி தட்டைதான். ஐந்து மூலை நிலமா, உள்ளே மூன்று முக்கோணம், உட்கோணங்கள் மொத்தம் 540. வாய்க்கால் வளைவில் ஒரு மூலை உள்வாங்கி, 180-ஐத் தாண்டிய பின்வளை கோணமாக இருந்தாலும் அதே 540 தான். உங்கள் நிலத்தின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். வரப்போடு சம்பந்தமே இல்லாமல் குறுக்கே சில கோடுகள் ஓடும். 'ஜி லைன்' என்பார் சர்வேயர். நிலத்தை முக்கோணங்களாக அறுத்த கோடுகள் அவை. வரப்புத் தகராறு வந்தால் அவர் முதலில் தேடுவது வரப்பை அல்ல, அந்தக் கோடுகளின் முனையில் இருக்கிற கல்லைத்தான்.